ஆறுமணிக் குருவிக்கு ஒரு மூலை வேண்டும்!

புரட்டாசி மாதக் கடைசி. பொழுது இன்னும் நன்றாகப் புலரவில்லை. வாசல் தெளிப்பதற்காகப் பாட்டி கதவைத் திறக்கிறார். திண்ணை ஓரத்தில், செருப்புகளுக்கு நடுவே, ஏதோ ஒன்று பந்துபோல் சுருண்டு கிடக்கிறது. பச்சை முதுகு. அடிவயிற்றில் ரத்தச் சிவப்பு.

"ஐயோ பாவம், பூனை கடித்துவிட்டதே!" என்கிறார் பாட்டி.

பேரன் ஓடி வருகிறான். "பாட்டி, இது கிளிக்குஞ்சு!"

"கிளிக்கு ஏதடா இவ்வளவு நீளக் கால்?"

மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "மீன்கொத்தி அம்மா இது" என்கிறார். மருமகளுக்கு வேறு யோசனை. "யாரோ கூண்டில் வளர்த்தது தப்பி வந்திருக்கும் அத்தை. இத்தனை நிறம் நம் ஊர்க் குருவிக்கு ஏது?" என்கிறார்.

நால்வர் சொன்னதும் தவறு! வயிற்றில் இருப்பது ரத்தம் அல்ல. அந்தப் பறவையின் நிறமே அது. கிளியும் அல்ல, மீன்கொத்தியும் அல்ல, கூண்டிலிருந்து தப்பியதும் அல்ல. அதன் பெயர் ஆறுமணிக் குருவி. இரவெல்லாம் பறந்துவிட்டுக் களைத்துப்போய் அந்த வீட்டுத் திண்ணையில் விழுந்திருக்கிறது.

செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட காட்சி ஆண்டுதோறும் நடக்கிறது. சில வீடுகளில் குளியல் அறையில் கிடக்கும். சில வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் ஒளிந்து நிற்கும். பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் கூட விழுந்து கிடக்கும். விழுந்த பிறகு அது பிழைப்பதும் சாவதும், அதைக் கண்டெடுத்தவர் அடுத்த அரை மணி நேரத்தில் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது.

ஒன்பது நிறம்

இந்தக் குருவியை ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார். மைனாவைவிடச் சிறியது. முதுகு பச்சை. தோளிலும் வாலருகிலும் பளிச்சென்ற நீலம். தொண்டை வெள்ளை. நெஞ்சு சந்தன நிறம். கண்ணைச் சுற்றி மை தீட்டியதுபோல் அகலமான கறுப்புப் பட்டை. அடிவயிறு குங்குமச் சிவப்பு. ஹிந்திக்காரர்கள் இதை 'நவரங்' என்கிறார்கள். ஒன்பது நிறம் கொண்டது என்று பொருள்.

வால் மட்டும்தான் குறை. புறப்படும் அவசரத்தில் வாலை ஊரிலேயே வைத்துவிட்டு வந்ததுபோல், குட்டையாக நிற்கும்.

காலையில் ஆறு மணி வாக்கிலும் மாலையில் ஆறு மணி வாக்கிலும் கூப்பிடும். இரண்டே சுரம். யாரோ தெருப்பையன் சீட்டி அடிக்கிறான் என்று நினைத்துக் கொள்வோம். அதனால்தான் ஆறுமணிக் குருவி என்று பெயர் வந்தது. இலங்கையில் சிங்கள மக்களிடையே ஒரு கதை உண்டு. இந்தக் குருவியின் அழகான ஆடையை மயில் திருடிக்கொண்டு போய்விட்டதாம். அதைச் சொல்லித்தான் இது தினமும் புலம்புகிறதாம். இருக்கிற ஆடையே போதாதா என்று கேட்கத் தோன்றுகிறது!

எங்கிருந்து வருகிறது?

இந்தக் குருவி சைபீரியாவிலிருந்தும் வரவில்லை, ஆஸ்திரேலியாவிலிருந்தும் வரவில்லை. இமயமலை அடிவாரம், மத்திய இந்தியாவின் மலைக்காடுகள், மேற்கு மலைத் தொடரில் கர்நாடகம் வரையிலான பகுதி ஆகியவைதான் இது கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இடங்கள். நம் தேசத்துக் குருவிதான். ஆனால் குளிர்காலத்துக்குத் தென்னாடு வந்துவிடும். சில குருவிகள் கடலையும் தாண்டி இலங்கைக்குப் போகும்.

டேராடூன் பக்கத்திலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 1,900 கிலோ மீட்டர். குருவியின் எடையோ 50, 60 கிராம். ஒரு கோழி முட்டையின் எடைதான்! அந்த முட்டையளவு உயிர், வழித்துணை கிடையாமல், வரைபடம் இல்லாமல், விந்திய மலையைத் தாண்டி, நர்மதையைத் தாண்டி, கோதாவரியையும் கிருஷ்ணாவையும் தாண்டி வந்து சேருகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், இது நீண்ட தூரம் பறக்கும் பறவை என்று பார்த்தால் தெரியாது. காட்டில் இருக்கும்போது பெரும்பாலும் தரையில் தத்தித் தத்தித்தான் போகும்.

பிரயாணம் இரவில். பல சிறு பறவைகள் அப்படித்தான் வலசை போகின்றன. இரவில் காற்று குளிர்ந்திருக்கும். வல்லூறும் ராஜாளியும் துரத்தாது. பகலில் இறங்கி இரை தேடலாம். நட்சத்திரங்களைப் பார்த்தும், பூமியின் காந்த சக்தியை உணர்ந்தும் வலசைப் பறவைகள் திசை கண்டுகொள்கின்றன என்று விஞ்ஞானிகள் கண்டறிந்திருக்கிறார்கள்.

எதற்காக இந்தப் பாடு? வயிற்றுக்காக! இந்தக் குருவி பழம் தின்னாது. தானியம் தின்னாது. சருகைப் புரட்டி, அதன் அடியில் இருக்கும் புழு, பூச்சி, மண்புழு, சிறு நத்தை ஆகியவற்றைத் தின்னும். சருகு ஈரமாக இருந்தால்தான் அவை மேலே வரும். வடக்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அப்போது அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். அந்த மழை ஓய்ந்து, மண் காய்ந்து, குளிர் தொடங்கும் நேரத்தில் நம் பக்கம் ஐப்பசி மழை ஆரம்பிக்கும். குருவி இங்கே வந்துவிடும். தென்மேற்குப் பருவ மழை ஒரு வீடு; வடகிழக்குப் பருவ மழை இன்னொரு வீடு. பஞ்சாங்கம் பார்க்காமலே இரண்டு மழையையும் பிடித்து விடுகிறது!

வழியில் வரும் ஆபத்து

காட்டின் மேல் பறந்து காட்டில் இறங்கினால் கஷ்டம் இல்லை. இன்று வழி நெடுக ஊர்கள். ஊர் நிறைய விளக்குகள். இரவில் பறக்கும் பறவையைப் பிரகாசமான வெளிச்சம் திசை தடுமாற வைக்கும். விடியும் நேரத்தில் களைத்து இறங்கினால் கீழே மரம் இல்லை; மாடி வீடுதான் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் வானமும் மரமும் தெரியும். அதை நிஜமான மரம் என்று நம்பிப் பாய்ந்து மோதும்.

மோதலில் தப்பினாலும் காக்கை விடாது. புதிதாக ஒரு பறவை, அதுவும் இத்தனை நிறத்தோடு வந்தால், காக்கைகள் கூட்டமாகத் துரத்தும். அந்தக் கலவரத்தில்தான் குருவி திறந்த கதவு வழியாக வீட்டுக்குள் வருகிறது. உள்ளே பூனை இருக்கிறது! ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் வந்த பறவை, கடைசி பத்து அடியில் உயிரை விடுகிறது.

பூனையைவிட மனிதரால் வரும் ஆபத்து வேறு மாதிரி. சிலர் அழகைப் பார்த்துக் கூண்டில் அடைக்கிறார்கள். ஆசைதான், கெட்ட எண்ணம் இல்லை. தட்டில் நெல் வைப்பார்கள், பழம் வைப்பார்கள். குருவி தொடாது. கொஞ்ச நாளில் செத்துப் போகும். "என்னவோ, வளரவில்லை" என்று சொல்லி வருத்தப்படுவார்கள். காட்டுப் பறவையைப் பிடிப்பதும் கூண்டில் வைப்பதும் விற்பதும் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. ஆனால் சட்டத்துக்குப் பயந்து குருவியை விடுவதைவிட, அது நெல் தின்னாது என்று தெரிந்து விடுவது மேல்.

விழுந்த குருவியை என்ன செய்வது?

முதல் வேலை, பூனையையும் நாயையும் குழந்தைகளையும் தள்ளி வைப்பது. பிறகு ஒரு அட்டைப் பெட்டி வேண்டும். காற்றுக்காக அதில் சில துளைகள் போட வேண்டும். அடியில் பழைய துணி விரிக்க வேண்டும். மெல்லிய துண்டு ஒன்றைக் குருவிமேல் போட்டு, இரு கைகளாலும் இறுக்காமல் எடுத்துப் பெட்டிக்குள் விட்டு, மூடி, சத்தம் இல்லாத நிழலான இடத்தில் வைத்துவிட வேண்டும். இருட்டில் அதன் பயம் அடங்கும். களைப்பும் தீரும்.

அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றவே கூடாது! இரக்கப்பட்டு நிறையப் பேர் செய்யும் தவறு இதுதான். தண்ணீர் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். சோறு, பால், பிஸ்கோத்து எதுவும் வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து அக்கம்பக்கத்தாருக்குக் காட்டுவதும் வேண்டாம். செல்போனில் படம் எடுப்பதற்காக உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்பது இந்தக் காலத்து வழக்கமாகி விட்டது. அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றும். அதற்குள் குருவி பயத்திலேயே செத்துவிடக் கூடும்.

ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் பெட்டிக்குள் தத்தும் சத்தம் கேட்டால் நல்ல அடையாளம். காக்கைகள் இல்லாத நேரமாகப் பார்த்து, மாலையானால் இன்னும் நல்லது, அடர்ந்த செடிகளின் அருகே பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். மேலே தூக்கி எறிந்து பறக்கவிடக் கூடாது. இறக்கை தொங்கினாலோ, நிற்க முடியாமல் சாய்ந்தாலோ வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லி ஒப்படைப்பதே சரி.

திறந்துவிட இடம் எங்கே?

எல்லாம் சரி. அடர்ந்த செடிகளின் அருகே விட வேண்டும் என்றால், அந்த இடம் எங்கே இருக்கிறது? அசல் பிரச்சினை இதுதான்.

முன்பு வீட்டுக்கு வீடு கொல்லை இருந்தது. கிணற்றடியில் வாழை, அதற்கு அப்பால் எலுமிச்சை, வேலி ஓரம் கிளுவை, ஆடாதோடை, மூலையில் ஒரு மாமரம். அந்த மாமரத்தின் அடியில் யாரும் பெருக்க மாட்டார்கள். சருகு மேல் சருகாகக் கிடந்து, மக்கி, மழை பெய்தால் மண்வாசனை கிளம்பும். ஆறுமணிக் குருவிக்கு வேண்டியது அவ்வளவுதான். பத்தடிக்குப் பத்தடி சருகு நிழல்!

இன்று கொல்லை இருந்த இடத்தில் கார் நிற்கிறது. கொல்லை மிச்சம் இருக்கும் வீட்டிலும் சுற்றிலும் சிமெண்டுத் தளம். அதுவும் இல்லாத வீட்டில் தினமும் பெருக்கி, சருகைக் குவித்து, நெருப்பு வைக்கிறார்கள். புகை பக்கத்து வீட்டுக் குழந்தையை இருமச் செய்கிறது. சருகோடு சேர்ந்து, குருவிக்கு உணவாக வேண்டிய அத்தனை பூச்சியும் எரிகிறது. குப்பையைத் திறந்த வெளியில் எரிக்கக் கூடாது என்று 2016-ம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது. தீப்பெட்டி அந்த விதியைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

சருகைக் குப்பை என்று நினைப்பதே பிழை. பிளாஸ்டிக் பை குப்பை; உடைந்த பாட்டில் குப்பை. சருகு மரத்தின் உணவு. மண்ணுக்கு அது போர்வை. வெயில் காலத்தில் ஈரத்தைக் காக்கும். மக்கினால் உரம். காசு கொடுத்து உர மூட்டை வாங்கும் வீட்டிலேயே காலையில் சருகை எரிப்பது எந்தக் கணக்கில் சேரும் என்பது தெரியவில்லை.

இதற்கு வீட்டுப் பெண்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. "பாம்பு வந்துவிடும்!" இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. குழந்தைகள் ஓடி விளையாடும் வீட்டில் தாய்க்கு அந்தப் பயம் இருப்பது நியாயமே. ஆகையால் வாசலும் நடைபாதையும், குழந்தைகள் புழங்கும் இடமும், துணி உலர்த்தும் இடமும் தினமும் பெருக்கப்பட வேண்டியவைதான். குருவி கேட்பது அந்த இடங்களை அல்ல. மதில் ஓரத்தில், யாரும் போகாத ஒரு மூலை. அங்கே இரவில் யாருக்கும் வேலை இல்லை. இன்னொன்றும் யோசிக்க வேண்டும். பாம்பு பெரும்பாலும் எலியைத் தேடித்தான் வீட்டுப் பக்கம் வருகிறது. எலி, சிந்திய சோற்றையும் மூடாத அரிசி மூட்டையையும் தேடி வருகிறது. சமையற்கட்டுப் பக்கம் சுத்தமாக இருந்தால் பாதிப் பயம் போகும்.

கொசுவைப் பற்றியும் கேட்பார்கள். டெங்குக் கொசு தேங்கிய தண்ணீரில் முட்டை இடுகிறது. ஆகவே சருகு மூலையில் தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், உடைந்த வாளி எதுவும் கிடக்கக் கூடாது. அதில் கண்டிப்பு வேண்டும்.

தனி வீடு இல்லாதவர்கள்? அடுக்கு மாடியில் இருப்பவர்கள்? அவர்களாலும் முடியும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மொட்டை மாடியில் வீணாக எரியும் பெரிய விளக்குகளை இரவில் அணைக்கலாம். பெரிய கண்ணாடி ஜன்னலின் வெளிப்புறத்தில் கயிறுகளை நெருக்கமாகத் தொங்கவிடலாம். மின்சாரக் கட்டணமும் குறையும். பள்ளிக்கூடம், கோயில் நந்தவனம், ஆஸ்பத்திரி வளாகம், பஞ்சாயத்துப் பூங்கா ஆகிய இடங்களில் ஒரு பகுதியையாவது பெருக்காமல் விட நிர்வாகிகள் முன்வர வேண்டும். கிண்டி தேசியப் பூங்காவிலும் கோடிக்கரைக் காட்டிலும் இந்தக் குருவி குளிர்காலத்தைக் கழிப்பதற்குக் காரணம், அங்கே மரத்தடியைத் துடைப்பம் தொடாததுதான்.

வெளிநாட்டு மோகம்

பறவை என்றாலே வேடந்தாங்கலுக்குப் பஸ் ஏற வேண்டும் என்று மக்கள் நினைக்கிறார்கள். இதில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. சீசன் வந்ததும், "வெளிநாட்டுப் பறவைகள் குவிந்தன" என்று தலைப்புப் போட்டு, பக்கத்தில் நத்தைகுத்தி நாரையின் படத்தை அச்சிடுவது வழக்கமாக இருக்கிறது. நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் இங்கேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை. இதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. சைபீரியா போன்ற தூர தேசங்களிலிருந்து குளிருக்குப் பயந்து வரும் பறவை இங்கே கூடு கட்டாது. தின்னும், ஓய்வெடுக்கும், போய்விடும். கூடு கட்டியிருந்தால் அது நம் நாட்டுப் பறவை. அதற்குப் பாஸ்போர்ட் தேவையில்லை!

வேடந்தாங்கலுக்குப் போவது நல்லதுதான். குழந்தைகளை அவசியம் அழைத்துப் போக வேண்டும். ஆனால் அங்கே போகும் வழியில் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான் குருவி, இமயத்திலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ வந்ததாக இருக்கும். வாய்க்கால் ஓரம் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஓடும் சாம்பல் வாலாட்டியும் வடக்கிலிருந்து வந்த விருந்தாளிதான். பஸ் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். டிக்கெட் கிடையாது.

சிறுவன் கேட்ட கேள்வி

கடைசியாகப் பையன்களைப் பற்றி. கையில் கவட்டை கிடைத்ததும் குருவியை அடிக்கத் தோன்றுவது அந்த வயதின் குணம். அடிப்பதோடு நின்றுவிட்டால்தான் கெடுதல்.

பம்பாயில் ஒரு சிறுவன், மாமா கொடுத்த காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டான். எடுத்துப் பார்த்தால் அதன் தொண்டையில் மஞ்சள் நிறம்! சாதாரணச் சிட்டுக்கு அப்படி இருக்காதே என்று யோசித்தான். மாமாவிடம் கேட்டான். அவருக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பினார். அங்கே மில்லர்ட் என்ற வெள்ளைக்காரச் செயலாளர் சிறுவனை விரட்டவில்லை. உட்கார வைத்து, பாடம் செய்யப்பட்ட பறவைகளை அலமாரி அலமாரியாகத் திறந்து காட்டினார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். அந்தச் சிறுவன்தான் டாக்டர் சாலிம் அலி (1896–1987). இந்தியப் பறவைகளைப் பற்றி அவர் 1941-ல் எழுதிய புத்தகம் பல பதிப்புகள் கண்டது.

கேள்வி கேட்ட பையனை உட்கார வைத்துப் பதில் சொல்ல ஒருவர் இருந்தார். திண்ணையில் குருவியைக் கண்டெடுக்கும் நம் வீட்டுப் பேரனுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். "சனியன், தூக்கி வெளியே எறிடா" என்று சொல்லும் பெரியவர் போதாது.

அவனுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுக்கலாம். ஆறுமணிக் குருவியின் சீட்டி முதலில் எந்தத் தேதியில் கேட்டது, எந்த மரத்துப் பக்கம் கேட்டது என்று எழுதச் சொல்லலாம். ஒரு வருஷத்து நோட்டு வெறும் குறிப்பு. பத்து வருஷத்து நோட்டு விஞ்ஞானிகளுக்கும் உபயோகப்படும். குருவிகள் முன்போல் வருகின்றனவா, தாமதமாக வருகின்றனவா, குறைகின்றனவா என்பதை அறிய வேறு குறுக்கு வழி இல்லை. 2007-ம் ஆண்டு முதலே பொதுமக்களிடமிருந்து இப்படிப்பட்ட தேதிகளைத் திரட்டும் வேலை இந்தியாவில் நடந்து வருகிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அவரவர் கொல்லையில், மாடியில், வயலில் பதினைந்து நிமிஷம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி எழுதினால் போதும். கரும்பு கடித்துக்கொண்டே எண்ணலாம்.

ஆறுமணிக் குருவி அப்போதும் இங்கேதான் இருக்கும். பங்குனி, சித்திரை வரை இருந்துவிட்டு, வடக்கே மழை வருவதற்கு முன் இரவோடு இரவாகப் புறப்பட்டுவிடும். போகிற தேதியையும் அந்த நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அதைக் கண்டுபிடிப்பதுதான் கொஞ்சம் சிரமம். வந்த அன்று சீட்டி கேட்கும். போன அன்று எதுவும் கேட்காது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான், மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றும்போது, பாட்டிக்கு நினைவு வரும்.